இருபது என்று பதிந்த தட்டுகள்

புதுவாயல் கூட்டுரோட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே பளு தூக்கக் கற்றுக் கொடுப்பவன் ஸ்டீவன், வயது இருபத்து நான்கு. பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை, மாலையில் பயிற்சி. அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் ரோசம்மாள். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியவர், நாற்பதைத் தொடாதவர், இப்போது நடுவராகவும் இருக்கிறார். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் அவருடைய ஜிம். ஞாயிறு தவறாமல் ஸ்டீவன் அங்கே போய்விடுவான். லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் மாவட்டப் போட்டிகளில் மதிப்பெண் எழுதும் மேசையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருவரையும் அப்படித்தான் தெரியும்.

ஸ்டீவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தூக்குகிறவர் சற்றுத் திணறினாலே ஓடிப்போய்க் கம்பியில் கை வைத்துவிடுவான். ரோசம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டா மாஸ்டர், அவன் தூக்குறானா, நீ தூக்குறியா?"

"பயமா கீதுக்கா."

"பயமா இருந்தா வெளில போய் டீ குடி. போட்டில நீ கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கணும். கையப் பின்னால கட்டிக்கினு நிக்கக் கத்துக்கோ."

முதல் எடை எவ்வளவு கேட்பது என்பது அவர் சொன்ன இன்னொரு பாடம். போட்டியில் ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று வாய்ப்பு. முதலில் எழுதிக் கொடுத்த எடையில் தோற்றால் அதே எடையை மறுபடி தூக்கலாம், கூட்டியும் கேட்கலாம், குறைக்க முடியாது. "நைட் ஷிப்டு முடிச்சு, நாஷ்டா துன்னாம வந்தாலும் ஒரு பொண்ணு எதைத் தூக்குவாளோ, அதை எழுது" என்பார்.

மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஜிம்முக்கு மொதல்ல தராசு வாங்கு. கண்ணாடி அப்பால வாங்கிக்கலாம்."

ஸ்டீவன் சுவரில் ஆளுயரக் கண்ணாடி மாட்டினான். தராசு வாங்கவில்லை. அதற்குக் காரணம் துலுக்காணம்.

துலுக்காணம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். மீன் குறைந்துபோய்க் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு வந்தவர். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவது அவர் வேலை. அவர் மகள் செண்பகம், இருபது வயது, ஸ்டீவனிடம் பயிற்சிக்கு வந்தாள். ஜிம்மில் எடைத் தட்டுகள் போதவில்லை என்று தெரிந்ததும் துலுக்காணம் முதலாளியிடம் கேட்டு, மிஞ்சிய இரும்பில் இருபது கிலோ தட்டு ஆறு ஊற்றி, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றிலும் இருபது என்ற எண் மேடாகப் பதிந்திருந்தது. அவற்றைப் படியேற்ற வேறு யாரையும் அவர் விடவில்லை.

"தராசு எங்கடா?" என்று ரோசம்மாள் கேட்டபோது ஸ்டீவன் நெளிந்தான்.

"செண்பகத்தோட நைனா ஊத்திக் குடுத்ததுக்கா. அதைப் போய் எடை போட்டா அவரு இன்னா நெனைப்பாரு?"

"தராசு யாரு ஊத்துனதுன்னு கேக்காதுடா."

அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

செண்பகம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தாள். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் இருந்தால் நிரந்தரம் ஆக்குவதாக அங்கே பேச்சு. மாவட்டப் போட்டியில் தேறினால்தான் மாநிலத்துக்குப் போக முடியும். குப்பத்து வீடும், தம்பி படிப்பும், அப்பாவின் கையிலிருந்த தீக்காயங்களும் அந்த ஒரு தாளை நம்பி இருந்தன.

போட்டி திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலில் ஸ்குவாட். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். மூன்று வாய்ப்பும் தவறினால் மற்றத் தூக்கல்களுக்கும் இடமில்லை. புதுவாயல் ஜிம்மில் செண்பகம் நூறு கிலோ தூக்கியிருந்தாள். தொண்ணூறு எழுதத்தான் ஸ்டீவன் வந்தான். மற்றப் பெண்களும் தொண்ணூறு எழுதியதைப் பார்த்து, என் மேசைமேல் குனிந்து, தொண்ணூற்று இரண்டரை என்று மாற்றினான்.

முன்பயிற்சி பக்கத்து அறையில், சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிய இடத்தில் நடந்தது. கதவு திறந்திருந்தது. எழுபதை எடுத்து வைத்ததும் செண்பகம் திரும்பினாள்.

"மாஸ்டர், இன்னா இது? எழுபது இவ்ளோ கனமா கீது?"

"பயம்மா. மூச்ச இழுத்து வுடு."

"பயம் காலுலயா வரும்?"

நடுவர் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்த ரோசம்மாள் இதைக் கேட்டு நின்றார். என் தாளைக் குனிந்து பார்த்தார். ஸ்டீவனைப் பார்த்தார். எடையை மாற்ற அப்போது இன்னும் நேரம் இருந்தது. ஆனால் நடுவர் ஒரு போட்டியாளரின் பயிற்சியாளருக்கு யோசனை சொல்லக் கூடாது. போய் உட்கார்ந்துவிட்டார்.

செண்பகம் உட்கார்ந்தாள், எழ முடியவில்லை. உதவியாளர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை பாதிவரை வந்து நின்றாள். ஸ்டீவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு கை மற்றொரு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்றாம் முறை அவள் கீழே போனபோதே அவனுக்குத் தெரிந்திருக்கும். "எழு, எழு, எழு" என்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. ரோசம்மாள் தம் பொத்தானை அழுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்டீவன் ஒரு தட்டைச் சாக்கில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ரோசம்மாளும் கூட வந்தார். நான் வீட்டில் வைத்திருக்கும் தராசில் அது பதினெட்டேகால் காட்டியது. மற்ற ஐந்தையும் எடுத்துவரச் சொன்னேன். எதுவும் பத்தொன்பதைத் தொடவில்லை. இருபது கிலோ கம்பியில் இந்தத் தட்டு நான்கு மாட்டி அவள் தூக்கிய நூறு, உண்மையில் தொண்ணூற்று மூன்று.

காரணம் எளிது. கடையில் வாங்கிய ஒரு தட்டையே மணலில் பதித்து அச்சு எடுத்திருக்கிறார் துலுக்காணம். இரும்பு ஆறும்போது சுருங்கும். உள்ளே காற்றுக் குமிழிகளும் நின்றிருக்கின்றன. எண் மட்டும் முழுசாக விழுந்துவிட்டது. யாரையும் ஏமாற்ற அவர் நினைக்கவில்லை.

"அக்கா, திட்டுக்கா" என்றான் ஸ்டீவன்.

"திட்டுனா அந்தப் பொண்ணு எழுந்துடுவாளா?" என்றார் ரோசம்மாள். "நானும்தான் பாத்துக்கினு குந்தியிருந்தேன்."

செண்பகத்திடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டைத் தடவினாள்.

"நைனாகிட்ட சொல்லாத மாஸ்டர்."

"தப்பு என்னுதுதான். நான் எடை போட்டிருக்கணும்."

"யாருதா வேணா இருக்கட்டும். தன்னாலதான் தோத்தேன்னு தெரிஞ்சா அது சோறு துன்னாது. சொல்லாத."

அடுத்த போட்டி அடுத்த வருடம். அவளுடைய ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிகிறது.

அந்த வாரம் ஒரு மாலை நான் ஜிம்மில் இருந்தபோது துலுக்காணம் படியேறி வந்தார். ஒவ்வொரு தோளிலும் ஒரு தட்டு. கீழே வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா மாஸ்டரே, பொண்ணு கடைசில எழ முடியாம நின்னுச்சாமே. வெயிட்டு பத்தலை. ஜிம்முல கம்மியா வெச்சுப் பழக்கினா அங்க எப்படி எழும்? அதான் இன்னும் ரெண்டு ஊத்தியாந்தேன். பதமா வந்துக்கீது, பாரு."

இருபது என்ற எண் பளிச்சென்று இருந்தது. செண்பகம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டீவன் ஒரு தட்டைத் தூக்கினான். இதுவும் இருபது இல்லை என்று தூக்கியதுமே அவனுக்குத் தெரிந்தது, அவன் கை எழுந்த வேகத்தில் எனக்கும் தெரிந்தது.

"நல்லா கீதா?" என்றார் துலுக்காணம்.

"நல்லா கீதுப்பா" என்று சொல்லி, அதை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினான்.