இலை டாக்டர் சொன்ன வைரஸ்

அவர் டாக்டருக்குப் படித்தவரில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். குடுவை கழுவுவார், கரைசல்களை அளந்து கலந்து வைப்பார், பிள்ளைகள் உடைத்த சோதனைக் குழாய்களைப் பெருக்கி அள்ளுவார். அத்தனை வருஷத்தில் ஒரு வாத்தியாராவது அவரைப் பார்த்து, "இதுல உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டதில்லை. அந்த பாட்டிலை எடு, இந்த பாட்டிலை வை என்பதோடு சரி.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து மனைவியின் வேலையில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். "எங்கேயாவது போய்த் தொலைங்களேன்" என்று அந்த அம்மாள் சொன்ன நல்ல நேரம், தோட்டக்கலைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நூலகத்து மாடியில் சங்கம் கூடும். நாற்பது நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, ஒரு நீள மேசை. ஒருவர் ரோஜாப் பதியன் கொண்டுவருவார், இன்னொருவர் மிஞ்சிய விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். எல்லோரும் தங்கள் வீட்டுப் பூவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள், அடுத்தவர் வீட்டுப் பூ என்றால் உடனே கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் யாரோ கொண்டுவந்த வெளுத்த எலுமிச்சை இலையைப் பார்த்து இவர், "இது நோயில்ல, இரும்புச் சத்துக் குறைச்சல்" என்று சொல்லி, என்ன போடவேண்டும், எவ்வளவு போடவேண்டும் என்றும் சொன்னார். செடி தேறிவிட்டது. அடுத்த மாதம் மூன்று பேர் இலையோடு வந்தார்கள். ஆறு மாதத்தில் மூலையில் தனி மேசை, ஒரு லென்ஸ், "இலை வைத்தியம்" என்று எழுதிய அட்டை எல்லாம் வந்துவிட்டன. சங்கத் தலைவர் நிஜமான பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க அழுதுட்டே வர்றாங்க, இவர்கிட்ட வந்தவங்க சிரிச்சுட்டே போறாங்க. யாரு டாக்டர், நீங்களே சொல்லுங்க" என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்னதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் இலை டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடைத்தெருவில் யாராவது "டாக்டர் சார்!" என்று கூப்பிட்டால், இன்னொரு தரம் கூப்பிடட்டுமே என்று காதில் விழாத மாதிரி நடப்பார்.

சங்கத்துக்குப் பொதுவில் ஒரு ஸ்ப்ரேயர் இருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற டாங்கி. உறுப்பினர்கள் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பூச்சிமருந்தும் அதில்தான், களைக்கொல்லியும் அதில்தான். அதனால் இலை டாக்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எடுத்தவர் அதை மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கூடவே வரும் நோட்டில் "மூன்று முறை கழுவினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பழக்கம் அது. ஒரு தடவை தலைவரே இரண்டு தண்ணீரோடு விட்டுவிட்டார் என்று தெரிந்து, எல்லோர் முன்னாலும் அவரை வெளுத்து வாங்கிவிட்டார். தலைவர் மூன்றாவது தண்ணீரை அங்கேயே ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம், கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, இலை டாக்டர் தன் வாசல் நடைபாதைக் கல் இடுக்குகளில் மண்டிக் கிடந்த களைக்கு அந்த ஸ்ப்ரேயரால் மருந்தடித்தார். அன்றைக்குச் சாயங்காலமே தையல்காரம்மா வந்து அதை வாங்கிப்போவதாக ஏற்பாடு.

தையல்காரம்மா நாலு தெரு தள்ளி இருப்பவர். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் தைப்பார். மிச்ச நேரமெல்லாம் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளோடுதான். வாளிக்கு ஒன்றாக டேலியா, கிழங்கிலிருந்து முளைக்கிற பூச்செடி. மூன்று வருஷமாக ஒரு பூவின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் எடுத்து இன்னொன்றில் தடவி, விதை எடுத்து, முளைக்கவைத்து, பிடிக்காததைத் தூக்கிப்போட்டு, கடைசியில் ஒரு செடி அவர் ஆசைப்பட்டபடி பூத்தது. கருஞ்சிவப்புப் பூ, இதழ் நுனியில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை. அதன் கிழங்கைப் பிரித்து நட்டு நான்கு செடியாக்கியிருந்தார். அந்த ரகத்தில் உலகத்திலேயே அந்த நான்குதான். புது ரகம் கொண்டுவருகிறவரே கண்காட்சியில் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது சங்கத்து வழக்கம். என்ன பெயர் என்று எல்லோரும் நச்சரித்துப் பார்த்தார்கள். அந்த அம்மா மூச்சு விடவில்லை.

இலை டாக்டருக்கு அன்று முட்டிவலி. குழாய் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். இரண்டாவதுக்கு டாங்கியைத் தூக்கியவர், போதும், கழுவியது யார், நாம்தானே என்று கீழே வைத்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்து, கை கூசாமல் "மூன்று முறை கழுவினேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தையல்காரம்மா ஒரு கிளையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தார்.

"அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்களேன். நாலும் இப்படித்தான் ஆயிடுச்சு. பூச்சிக்குச் சோப்புத் தண்ணிதான் அடிச்சேன். என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியல."

தளிர் முறுக்கிக்கொண்டிருந்தது. தண்டு கோணியிருந்தது. இலைகள் கரண்டிபோலக் குழிந்திருந்தன. இலை டாக்டருக்கு லென்ஸே வேண்டியிருக்கவில்லை. களைக்கொல்லி பட்ட செடி. நோட்டில் தான் போட்ட கையெழுத்து அவர் கண்முன் வந்தது.

மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தலைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன டாக்டர், பொழைக்குமா?" என்றார். நான் சரியாகக் கழுவவில்லை என்று அப்போது சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். தலைவர் கொஞ்ச நாள் கிண்டல் செய்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த அட்டை, அந்த லென்ஸ், அந்த "டாக்டர்" எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் போய்விடும் என்று அவருக்குப் பட்டது.

"வைரஸ்" என்றார்.

வைரஸ் என்று சொன்ன பிறகு வைரஸுக்குரிய வைத்தியத்தையும் சொல்லத்தானே வேண்டும்? "இதுக்கு மருந்து கிடையாதும்மா. வேரோட பிடுங்கி எரிச்சிடுங்க. இல்லன்னா மத்ததுக்கும் பரவிடும்."

"கிழங்குமா அண்ணா?"

"கிழங்கும்தான்."

தையல்காரம்மா மறுநாளே எரித்துவிட்டார். அதோடு விட்டாரா? தன்னிடம் வேறு செடிகளின் பதியன் வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் நடையாய் நடந்து, "என் செடியில வைரஸாம், உங்க செடியையும் பாத்துக்கோங்க, மன்னிச்சிடுங்க" என்று கேட்டுவிட்டு வந்தார். இது காதில் விழுந்த அன்று இலை டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு செய்தவன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, ஒரு பாவமும் அறியாதவர் தெருத்தெருவாக மன்னிப்புக் கேட்கிறார். அவருக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அப்போதும் ஓர் அற்ப ஆசை அவரை விடவில்லை. ஒருவேளை நிஜமாகவே வைரஸாக இருந்துவிட்டால்? ஸ்ப்ரேயரை வாங்கிவந்து, அதில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்தார். மேலுக்குக் கழுவினாலும், ரப்பர் குழாயில் ஊறின மருந்து லேசில் போகாது. இரண்டு தொட்டி பீன்ஸ் நாற்றில் ஒன்றுக்கு அந்தத் தண்ணீரையும் மற்றதற்குக் குழாய்த் தண்ணீரையும் தெளித்தார். ஆறாம் நாள் முதல் தொட்டியில் தளிரெல்லாம் முறுக்கிக்கொண்டது. பக்கத்துத் தொட்டி ஜம்மென்று இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்காகச் சோதனைக்கு எல்லாம் எடுத்துவைத்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு சோதனை செய்து பார்த்தார். அதில் தன்னையே கையும் களவுமாகப் பிடித்தார்.

கண்காட்சி நாளில் கூடம் நிறைய நீள மேசைகள், வெள்ளைத் துணி, பாட்டிலுக்கு ஒரு பூ. பூவின் பக்கத்தில் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை, நடுவர் கண்ணில் படாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தையல்காரம்மா பூ கொண்டுவரவில்லை. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக வந்து, அத்தனை மேசைத் துணிக்கும் மடிப்புப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் நாலு குண்டூசியோடு இவரைப் பார்த்துச் சிரித்தார். இலை டாக்டர் கூனிக் குறுகிப்போனார்.

பரிசளிப்பில் சிறந்த சேவைக்கான கோப்பை என்று அவர் பெயரைத்தான் படித்தார்கள். மேடை ஏறியவர் கோப்பையைத் தொடாமல் மைக்கைப் பிடித்தார்.

"இது எனக்கு வேண்டாம். தையல்காரம்மா செடிக்கு வைரஸ் இல்ல. ஸ்ப்ரேயரைச் சரியா கழுவாம குடுத்தது நான்தான். தப்பு என்னோடது."

தலைவர் மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா இவரோட மனச? மூணு தண்ணி சட்டம் போட்டவரே இவரு. அவரா கழுவாம குடுப்பாரு? ஒரு உறுப்பினர் மனசு நொந்து போயிருக்காங்கன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. யாருக்குங்க வரும் இந்த மனசு?"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. தையல்காரம்மா கண்ணைத் துடைத்தபடி மேடைக்குக் கீழே வந்து நின்றார். "எனக்காக இப்படியெல்லாம் சொல்லணுமா அண்ணா?" இவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தத்தில் கேட்கவில்லை. கோப்பையைக் கையில் திணித்தார்கள். வாங்கிக்கொண்டார்.

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனசு லேசாகிவிட்டது. வெட்கக்கேடு என்றால் அதுதான். இன்னும் சொன்னால், அந்தக் கைத்தட்டல் இனித்தது.

கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி, வீட்டுக்கு வந்ததும் கோப்பையை வாங்கி மேசைமேல் வைத்தாள். "அன்னிக்கு நான் ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு தண்ணிதானே ஊத்தினீங்க?"

"அதைத்தானே மேடையில சொன்னேன்?"

"சொன்னீங்க. நம்பாத மாதிரி சொன்னீங்க."

அவர் பீன்ஸ் தொட்டிகள் இருந்த பின்பக்கம் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் இரண்டு பீன்ஸ் தொட்டிகளையும் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்த அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து, "வாங்கண்ணா, வாங்க" என்று நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி இடம் பண்ணினார். இவர் உட்காரவில்லை. தொட்டிகளைத் தரையில் வைத்து, எதற்கு எந்தத் தண்ணீர் தெளித்தது என்று சொன்னார். தையல்காரம்மா குனிந்து முறுக்கிய தளிரை விரலால் தொட்டுப் பார்த்தார். அதை எங்கே பார்த்தோம் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஒரு தண்ணிதான் ஊத்தினேன். நோட்டில மூணுன்னு எழுதினேன்."

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"இதைச் செஞ்சு பாத்தப்ப நிச்சயமாச்சு." நிறுத்தினார். இன்னொரு பொய்யாக அது வாயில் கசந்தது. "இல்ல. நீங்க இலையைக் கொண்டுவந்து காட்டினப்பவே தெரியும்."

"எரிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

தையல்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் இலை டாக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார்.

"அப்படின்னா, மேல செடி போனாலும், கிழங்கை மண்ணுலயே விட்டிருந்தா அடுத்த வருஷம் திரும்ப வந்திருக்குமா?"

எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய். இதற்கும் பதில் அவருக்குத் தெரியும்.

"வந்திருக்கும்."

"நாலுமா?"

"நாலும்."

தையல்காரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்க இரண்டு தரம் முயன்றார், முடியவில்லை.

"சரி சார்," என்றார் நிமிராமலே. "எனக்கு வேலை கிடக்கு."