பூச்சி மாத்திரை

தெருக்குழாயடியில் தலையைச் சாய்த்து நின்று, ஒரு மூக்குத் துளையில் உப்புத் தண்ணீரை ஊற்றி மறு துளை வழியே விட்டுக்கொண்டிருக்கிறார் திம்மப்பன். குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "மூக்கு கழுவறதுக்கு என்னாத்துக்கு வெக்கம்?" என்பார். கழுவியதும் நேரே அடுப்படிதான். ஒவ்வொரு சட்டியின் மூடியையும் திறந்து மோந்து பார்ப்பார். மனைவி ருக்மணி கரண்டியை ஓங்கினாலும் கேட்கமாட்டார்.

மோந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டு. ஓசூரில் பைக் பாகங்களுக்கு மெருகேற்றும் கம்பெனியில், பஃபிங் செக்‌ஷனில், வருடக்கணக்காகத் தூசி தின்றவர். மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்து, சோறு தீய்ந்தால்கூடத் தெரியாமல் போயிற்று. போன வருடம் பெங்களூரில் ஆபரேஷன். மூக்கில் அடைத்திருந்த துணியை எடுத்த பிறகு, முதன்முதலாக ஆஸ்பத்திரிக் காபி மணத்தபோது நர்ஸ் முன்னாலேயே அழுதுவிட்டாராம். "கேவலமான காபிதானுங்க. ஆனா என்னா வாசனை!"

ஆபரேஷன் செய்த டாக்டர் கன்னடத்தில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ரத்தத்தில் ஈசினோபில் என்ற அணு ஏறிக் கிடக்கிறது. அது இறங்காவிட்டால் சதை மறுபடி வளரக்கூடும். தூசிப் பக்கமே போகாதே. திம்மப்பன் தூசியில்லாத ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டார். கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த மகானுபாவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "கெலவரப்பள்ளிப் பக்கமா? வயக்காட்ல வெறுங்காலோட திரிவீங்க. வயித்துல பூச்சி, அதான் கவுண்ட் ஏறியிருக்கு" என்று பூச்சி மாத்திரை எழுதினார். மாற்றலுக்கு எழுதவில்லை.

தின்றார். கவுண்ட் இறங்கவில்லை. மறுபடி போனார், மறுபடியும் அதே மாத்திரை. வயிற்றில் பூச்சி இருந்தாலும் அந்த அணு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை மாத்திரைக்கும் சாகாத பூச்சி உலகத்தில் உண்டா? மெஷினிலிருந்து கிளம்பும் தூசி அந்த டாக்டர் கண்ணில் படாது, கூலிக்காரன் வயிறு மட்டும் பளிச்சென்று படும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. திம்மப்பனும் கேட்கத்தான் செய்கிறார்: "செக்‌ஷன்ல அத்தினி பேரும் தும்மறோம். அத்தினி பேரு வயித்துலயும் பூச்சியா?"

போன வாரம் ருக்மணி கொத்தமல்லித் துவையல் அரைத்தாள். திம்மப்பன் கிண்ணத்துக்குள் முகத்தையே விட்டார். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் இழுத்துப் பார்த்தார். "டூட்டிக்கு நேரமாவுது" என்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து, வெளியூர் விருந்தாளிகளுக்குச் செக்‌ஷனைச் சுற்றிக் காட்ட மேனேஜர் வந்தார், கூடவே கம்பெனி டாக்டரும். வாசலிலேயே டாக்டரின் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. உள்ளே வந்ததும் தும்மல். அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிய அடுக்கடுக்காகத் தும்மினார்.

திம்மப்பன் மெஷினை நிறுத்தினார். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தார். சட்டைப் பையில் மிச்சமிருந்த பூச்சி மாத்திரையை எடுத்து, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டாக்டரின் உள்ளங்கையில் இரு கையாலும் மரியாதையாக வைத்தார்.