அக்காவின் முகமூடி

புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு அறையில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரத்தை இயக்கும் அந்த டெக்னீஷியனுக்கு அங்கே ஒரே பெயர், ‘வாய்க்காரர்’. நோயாளியிடமே நோயை மறைக்கிற குடும்பம் அவரிடம் மாட்டினால் தொலைந்தது. “புற்றுநோயை அல்சர்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா, அவங்க எப்படிய்யா பல்லைக் கடிச்சுக்கிட்டு முப்பத்திமூணு நாள் கதிர்வீச்சுக்கும் வருவாங்க?” என்று வாசலிலேயே பிடிபிடியென்று பிடிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் சொந்த அக்கா விஷயத்தில் கோட்டை விட்டார்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்று. “அவ தாங்கமாட்டா மாப்பிள்ளை. சாதாக் கட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நீ சொன்னா நம்புவா” என்று அக்கா வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் சொல்லித் தொலைத்தார். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, அக்காவின் முகத்தில் அழுத்தி, தலை அசையாமலிருக்க முகமூடி செய்ததும் அவர்தான். “என்னடா, எனக்குப் பூச்சாண்டி வேஷமா?” என்று சிரித்தாள் அக்கா.

பதினான்கு நாள் வந்தாள். கரகரத்த குரல் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் தொண்டை வெந்து எச்சில்கூட இறங்கவில்லை. “சாதாக் கட்டிக்கு இந்தப் பாடெல்லாம் எதுக்குடா? அதான் குரல் வந்துருச்சே. மகளுக்கு இது பிரசவ மாசம், நான் கிளம்பறேன்” என்று போனில் சொன்னாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “சீக்கிரம் வந்துடுக்கா” என்றதோடு சரி. பாவி மனுஷன், எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவர்! அக்கா பெயரெழுதிய முகமூடி அலமாரியிலேயே கிடந்தது. தினமும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுடையதை எடுத்தார்.

ஏழு மாதம் கழித்து வந்தாள், ஈர்க்குச்சியாய் இளைத்து. நோய் கழுத்தெல்லாம் பரவியிருந்தது. இனிக் குணமாகாது, வலி குறைய ஐந்து நாள் மட்டும் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

பழைய முகமூடியை அவள் முகத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அதைக் கழற்றும்போதே உடைந்துபோனார். “அக்கா, இது புற்றுநோய்க்கா. நான்தான் பொய் சொன்னேன்.”

“வாசல் போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. முதல் நாளே படிச்சேன்டா” என்றாள் அக்கா, காற்றாய்ப் போன குரலில். “நீ இல்லைன்னு சொன்ன. போர்டைவிட உன்னைத்தான் நம்பினேன்.”

அவர் புதுத் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டார்.