மூடிக்கு அடியில் வெண்ணெய்

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் ஒரு பழைய காரை ஆசை ஆசையாக வாங்கி நிறுத்தியிருக்கிறார். எனக்கு மெக்கானிக் வேலை தெரியும் என்று யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடிப்பக்கம் முழுக்க வெண்ணெய் மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தது. "என்ன சார் இது, பயப்படணுமா?" என்றார். எண்ணெயும் ஈரமும் வெந்த அந்த வாடை ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வெண்ணெயைக் கோலார் தங்கவயலில் தினம் தினம் துடைத்தவன் நான். அறுபதுகளின் கடைசியில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. இருபத்துநாலு வயது. சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் வேறு. எங்கள் ஊர் டாக்ஸிகளுக்கு எல்லாமே குட்டி ஓட்டம்தான். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் ஆள் ஏறினால் பஜாரில் இறக்கம். இஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். மார்கழிப் பனியில் உள்ளே ஈரம் கோத்து, ஆயிலோடு கலந்து, மூடியில் வெண்ணெயாகப் படியும். அதில் ஆபத்தில்லை. தூரமாக ஒரு ஓட்டம் போய்வந்தால் மறைந்துவிடும். அதனால் துணியால் துடைத்துவிட்டு, "பனிதான், போங்க" என்று அனுப்பிவிடுவது எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் வழக்கம்.

ஆனால் இஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கினாலும் இதே வெண்ணெய்தான் வரும். இரண்டில் எது என்று தெரிய, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். கம்பியில் ஆயில் கறுப்பாக இருந்தால் பனி. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் வண்டி நகரவே கூடாது. அரை நிமிட வேலை.

முனிரத்தினம் என்று ஒரு டாக்ஸிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அவருடைய அண்ணன் ஏழுமலை சுரங்கத்தில் பாறை துளைப்பவர். அவர்கள் அப்பா நெஞ்சில் கல்தூசி ஏறிச் செத்தவர். "நம்ம வூட்ல நானே கடைசியா இருக்கட்டும், நீ கேஜ் ஏறாத" என்று சொல்லி, தம்பியை டிரைவிங் பழக வைத்து, அந்தக் கறுப்பு வண்டியை வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். ஆளைப் பூமிக்குள் இறக்கும் கூண்டைத்தான் கேஜ் என்போம். கடைசியில் அப்பாவைக் கொன்ற தூசி அண்ணன் நெஞ்சிலும் ஏறியது. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போக அவருக்கு மூச்சு இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை முனிரத்தினம் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார்.

"இன்னா தம்பி, அண்ணன இட்டுனு போறேன். பெங்களூர் வரைக்கும் தாங்குமா, பாத்துச் சொல்லு."

மூடியைத் திறந்தேன். வெண்ணெய்.

"ரேடியேட்டருக்குத்தான் தெனம் ரெண்டு தபா தண்ணி ஊத்திக்கினு இருக்கேன். ஆயில் மட்டும் கொறையறதே இல்ல தம்பி, தங்கமான வண்டி."

கிழட்டு வண்டி ஆயில் குடிக்காமல் இருக்குமா? குறையும் தண்ணீர் எங்கே போகிறது, ஆயில் ஏன் குறையவில்லை என்று அவரே இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். நான் சிரித்தேன். மூடியைத் துடைத்துப் போட்டேன். "பனிதாண்ணா. பெங்களூர் போயி வந்தா அதுவே போயிடும், போங்க" என்றேன். கம்பியை உருவவில்லை.

மறுநாள் பெங்களூர் ரோட்டில் நரசாபுரம் தாண்டி பேரிங் கடகடத்து இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வெயிலில் ரோட்டோரமாக அண்ணனை மடியில் சாய்த்துக்கொண்டு, போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். ஒரு லாரி நின்றபோது ஏற்றுவதற்கு அண்ணனிடம் உயிர் இல்லை.

நான்காம் நாள் அந்த லாரிக்காரரே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். முனிரத்தினம் இறங்கி பானெட்டைத் தூக்கி, கம்பியை உருவி என்னிடம் காட்டினார். நுனியிலிருந்து அளவுக் கோட்டுக்கு மேலே வரைக்கும் டீ நிறம்.

"இத அன்னிக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா தம்பி?"

"தெரிஞ்சிருக்கும்ணா."

அவர் கம்பியைத் துடைத்து இருந்த இடத்திலேயே சொருகினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வேலையில் இருக்கும்போது ஒருவர் செத்தால் அந்த வீட்டில் ஒருவருக்குச் சுரங்கத்தில் வேலை தருவது எங்கள் ஊரில் நடப்பு. அண்ணன் பிள்ளைகள் மூன்றும் சின்னது. அடுத்த மாதம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், தலையில் தொப்பியும் கையில் விளக்குமாக முனிரத்தினம் கேஜுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்றார். சில வருஷங்களில் அவருக்கும் அதே இருமல் வந்தது.

இப்போது சுரங்கம் மூடியாயிற்று. கேஜ் துருப்பிடித்து நிற்கிறது. அந்தக் கறுப்பு வண்டி அப்போதே காயலான் கடைக்குப் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அண்ணன் தம்பி இருவருமே மண்ணுக்குள்.

கீழ்வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். கம்பியை உருவினேன். கறுப்பு. துடைத்துவிட்டு மறுபடி உருவினேன். மூன்றாவது தடவையும் கறுப்புதான். வெறும் பனி. "ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வேறு யாரிடமாவது காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.