டிக்கியில் கிடந்த பன்னிரண்டு பந்துகள்

1. எழுத்தில் வேண்டும்

"இது செத்துப்போச்சா, உசுரோட இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஒரு வெள்ளைப் பந்து என் மேசைமேல் உருண்டு வந்து கால்குலேட்டரில் முட்டி நின்றது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குழி. நான் அதுவரை கோல்ஃப் பந்தைத் தொட்டதே இல்லை. எடுத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவுக்கு இவ்வளவு கனமா என்றிருந்தது.

கொண்டுவந்து போட்டவர் எங்கள் பிளான்ட் ஹெட் தண்டபாணி சார். பொள்ளாச்சிக்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் பேச்சில் 'ங்க' போகாது. அதனாலேயே அந்தக் கோபம் கூடுதலாக பயமுறுத்தும்.

2011, அக்னி நட்சத்திர சமயம். ஒரகடத்தில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் டெஸ்ட் லேப் இன்சார்ஜ். காரில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உட்கார்ந்து அதிர்வையெல்லாம் விழுங்கும் ரப்பர் மவுண்ட்தான் எங்கள் சரக்கு. அதை வேகவைப்பதும் நசுக்குவதும் இழுத்துக் கிழிப்பதும் என் வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து வந்தவள். தண்டலத்தில் ஹாஸ்டல் வாசம்.

விஷயம் இதுதான். கஸ்டமர் கம்பெனியின் பெரிய அதிகாரி கோல்ஃப் ஆடுவார். அவரோடு பேச்சு வளர்க்கவே எங்கள் சாரும் ஐம்பது வயதில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டார். அதிகாரி அவருக்கு இரண்டு டப்பா பந்து பரிசு கொடுத்திருந்தார். ஒரு டப்பா சாரின் வீட்டு பீரோவில். இன்னொன்று, பன்னிரண்டு பந்து, மார்ச் மாதத்திலிருந்து கார் டிக்கியில். போன சனிக்கிழமை முதல் தடவையாக அதைப் பிரித்து ஆடியிருக்கிறார். ஒரு அடிகூடப் போக வேண்டிய தூரம் போகவில்லை. 'வெயிலில் வைத்த பந்து செத்த பந்து' என்று அதிகாரி சிரித்துவிட்டாராம்.

"பையை எறக்கி ஏ.சி.யில வைக்கோணும்னு டிரைவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேனுங்க. ரெண்டரை மாசம் டிக்கியிலயே போட்டு வேகவெச்சிருக்கான். நீங்க ரப்பர் ஆளு. சூடு இதைக் கெடுக்குமா, கெடுக்காதா? எனக்கு எழுத்துல வேணுமுங்க."

எழுத்தில் வேண்டும் என்றால் என்ன நடக்கும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். டிரைவர் அந்தோணி ஏஜென்சி ஆள். ரிமார்க்கோடு திருப்பி அனுப்பினால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை எந்தக் கம்பெனி வாசலிலும் அவருக்கு ஸ்டியரிங் கிடைக்காது.

2. நூறு டிகிரி

அடி வாங்காத பந்தாக இருந்தால் நல்லது என்றேன். சார் வீட்டு டப்பாவிலிருந்து மூன்று அனுப்பிவைத்தார். டிக்கியில் இருந்தவை டிக்கியிலேயே இருக்கட்டும், அவை சாட்சி என்றார்.

மூன்றையும் ஏஜிங் ஓவனுக்குள் வைத்தேன். ரப்பருக்கு அவசரமாக வயசாக்கிப் பார்க்கிற பெட்டி அது. எங்கள் மவுண்டுக்கு நூறு டிகிரியில் எழுபது மணி நேரம். கை தானாகப் போய் நூறு வைத்தது. நாலு வருடமாக அந்த ஓவனில் நான் வேறு எண்ணே வைத்ததில்லை.

எழுபது மணி நேரம் கழித்துத் திறந்தேன். வெள்ளை லேசாக மஞ்சளித்திருந்தது. தட்டின் கம்பிகள் பந்தின் தோலில் வரிவரியாகப் பதிந்திருந்தன. கம்பி பட்ட இடத்தில் குழிகள் தட்டையாகிவிட்டன. 'சூட்டால் பந்துக்கு நிரந்தரச் சேதம், உறுதி' என்று மெயில் தட்டினேன். எச்.ஆருக்கும் காப்பி. அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானத்துக்குள் முடிவு வந்துவிட்டது: திங்கள் முதல் வேறு டிரைவர்.

நாலு மணிக்கு லேப் கதவு அரை அடி திறந்தது.

"உள்ள வர்லாமா மேடம்? செருப்பு கழட்டணுமா?"

"வேண்டாண்ணே, வாங்க."

அந்தோணியண்ணன் பென்னலூர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். லேபுக்குள் அன்றுதான் முதல் தடவை வருகிறார். நடுவில் நின்று எல்லாப் பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பை டிக்கியிலதான் கெடந்துச்சு மேடம், இல்லன்னு சொல்ல வர்ல. ரிசப்ஷனுக்கு எடுத்துக்கினு போனா செக்யூரிட்டி வுட மாட்டறான். 'மட்டை பதினாலு, பந்து பன்னெண்டு, அத்தினிக்கும் ரிட்டர்னபிள் கேட் பாஸ் போடு. மெட்டீரியல் எந்த டிபார்ட்மென்ட்டுக்கு?'ன்றான். நான் இன்னா எழுதறது? ஆட்டம் டிபார்ட்மென்ட்டுன்னா?"

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன்.

"அந்தப் பந்தைக் கொஞ்சம் காட்டுங்க."

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னா இது கோடு? பாய்மேல பட்த்து எய்ந்த கன்னம் மாரி கீது."

"ஓவன் தட்டோட கம்பிண்ணே."

"டிக்கியில கெடந்ததுல கோடும் இல்ல, மஞ்சளும் இல்லியே. உங்க பொட்டியில எவ்ளோ சூடு?"

"நூறு டிகிரி."

"நூறுன்னா தண்ணி கொதிக்கிற சூடுதானே?"

"ஆமா."

"டிக்கியில ரேடியேட்டருக்குன்னு ரெண்டு லிட்டர் பாட்டிலு வெச்சிக்கீறேன் மேடம். பந்துக்குப் பக்கத்துலயே. மத்தியானத்துல தொட்டா சுடும். ஒரு நாளும் கொதிச்சதில்ல."

திரும்பி ஓவனில் வைத்திருந்த எண்ணைப் பார்த்தேன். மவுண்ட் எஞ்சினை ஒட்டி வாழ்கிறது. அதற்கு நூறு சரி. பந்து வாழ்ந்தது டிக்கியில். டிக்கியின் சூடு எவ்வளவு? எனக்குத் தெரியாது. தெரியாமலே 'உறுதி' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"எனக்காகப் பொய் எய்த வேணாம்," என்றார் அவர். "வண்டிக்குள்ள எவ்ளோ சூடுன்னு அளந்து எய்துங்க. அப்பறமும் தப்புன்னா, தப்பு. பையத் தூக்கினு போய்க்கினே இருப்பேன்."

3. ஒரே காரில் மூன்று ஊர்

தெர்மோகப்பிள் என்பது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த இரண்டு கம்பிகள். முனையில் முறுக்கிச் சேர்த்திருக்கும். அந்த முனைக்கு மட்டும் சூடு தெரியும்; மறுமுனை மீட்டருக்குப் போகும். டேஷ்போர்டில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று, டிக்கியில் பந்துகளுக்கு நடுவே ஒன்று வைத்தோம். கார் ஷெட்டை ஏற்றுமதி மரப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் வண்டி எப்போதும் நிற்கும் அதே மொட்டை வெயிலில்தான் நிறுத்தினோம். புதன், வியாழன், வெள்ளி. காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை.

அந்த மூன்று நாள்களை நான் மறக்க மாட்டேன். கார் என்றால் ஏறி ஏ.சி. போட்டுக்கொள்கிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணாடியை மூடியதும் உள்ளே வெயில் குடித்தனம் செய்ய ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டு ஆவேசக்காரன்: அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்து நாலு. பின்சீட்டு அவனுக்குப் பயந்து ஒரு படி கீழே. டிக்கியோ யாருக்கும் பதில் சொல்லாத ஆள். நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பது என்று மெல்ல மெல்ல ஏறியது. மூன்று மணிக்கு டேஷ்போர்டு இறங்கத் தொடங்கியபோதுகூட டிக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நாலில் நின்றது. மறுநாள் ஐம்பத்து மூன்று. அதற்கு மறுநாள் ஐம்பத்தைந்து. ஒரே வண்டி, ஒரே சூரியன், மூன்று ஊர். வெயில் என்று ஒற்றைச் சொல்லில் எத்தனை வெயிலை அடைத்து வைத்திருக்கிறோம்!

லாரி நிழலில் என்னோடு குத்தவைத்திருந்த அந்தோணியண்ணன் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"நாலு வருஷமா நான் இதுக்குள்ளதான் உக்காந்துக்கினு கீறேன். எனக்கு ஒருத்தரும் வயர் மாட்டிப் பாக்கல மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னார்.

முதல் நாள் மூன்றேகாலுக்கு டிக்கிப் பந்து ஒன்றைத் துணியில் சுற்றி லேப் வராந்தாவுக்கு ஓடினோம். சுவரில் இரண்டு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல். உச்சியிலிருந்து தரைக்கு விட்டேன். மறுபடி அளக்க வேண்டும் என்று சாரிடம் கேட்டு வாங்கியிருந்த வீட்டு பீரோப் பந்து ஒன்பதில் ஒன்றையும் பக்கத்தில் விட்டேன். சூட்டுப் பந்துதான் இரண்டு விரற்கடை உயரம் அதிகமாகத் துள்ளியது.

"செத்த பந்து எகிறுதே!" என்றார் அண்ணன், ரகசியம் போல.

இரவு முழுக்க ஏ.சி.யில் வைத்துவிட்டுக் காலையில் மறுபடி விட்டேன். கூடுதல் துள்ளல் போய்விட்டது. புதுப் பந்தின் உயரம், அதே கோடு. ஒரு பந்து ஆட்டத்தன்று புதரில் தொலைந்துபோயிருந்தது. மிச்சம் பதினொன்றையும் எடை போட்டேன், கடினத்தன்மை பார்த்தேன், துள்ளவிட்டேன். வீட்டுப் பந்து ஒன்பதையும் அப்படியே. என் கருவிகளுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டூல் ரூமில் இரண்டிலும் ஒவ்வொன்றைக் குறுக்கே அறுத்தோம். மேல்தோல் மெல்லிய பிளாஸ்டிக்; நூறு டிகிரியில் இளகிக் கோடு வாங்கியது அதுதான். உள்ளே முழுக்க நீலம். மயில் கழுத்து நீலம், விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரே அடர்த்தியாக. இரண்டுக்கும் ஒரே நீலம். இந்த ரப்பர் அச்சுக்குள் நூற்றைம்பது டிகிரிக்கு மேல் வெந்து உருவானது. ஐம்பத்தைந்து டிகிரி அதற்கு ஒரு மத்தியானத் தூக்கம். சூடு வந்தால் கொஞ்சம் தளர்கிறது, சூடு போனால் தன் அளவுக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பி வருவது எவ்வளவு பெரிய வித்தை என்று, நாலு வருடம் ரப்பரைக் கிழித்துக்கொண்டே இருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அறுத்த பாதியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

4. காலி பிளாட்

வெள்ளி மாலை சார் கேபினுக்குப் போனேன்.

"சார், நான் அனுப்புன ரிப்போர்ட் தப்பு."

"கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?"

"நான்தான் சார். மவுண்டுக்கு வைக்கிற சூட்டை யோசிக்காம பந்துக்கு வெச்சிட்டேன். டிக்கியில அந்தச் சூடு வரவே இல்ல. அந்தோணியண்ணன் கேட்டதுக்கப்புறம்தான் போய் அளந்தேன்."

கிராஃபை ரொம்ப நேரம் பார்த்தார். அறுத்த பந்தைப் பார்த்தார்.

"மீட்டர் சொல்றது உங்களுக்குப் போதுமுங்க. எனக்கு என் கை சொல்லோணும். காலைல ஆறரைக்குப் பின்னாடி பிளாட்டுக்கு வாங்க. டிரைவரையும் வரச் சொல்லுங்க."

பிளான்டுக்குப் பின்னால் வடக்குப்பட்டுப் பக்கம் அப்போது யாருக்கும் ஒதுக்காத காலி மனை. முழங்கால் உயரக் கோரைப்புல். டிக்கிப் பந்து ஐந்து, வீட்டுப் பந்து ஐந்து. எது எது என்ற குறிப்பு என் நோட்டில் மட்டும். ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். விழுந்த இடத்தில் அந்தோணியண்ணன் அடையாளம் நட வேண்டும். அதற்கு அவர் வெல்டிங் ராடில், கழித்த சரக்குக்குக் கட்டும் சிவப்பு ரிஜெக்ட் டேக் கட்டிய பத்துக் கொடிகள் செய்து வைத்திருந்தார். கையில் அவற்றோடு தூரத்தில் போய் நின்றார், தன் வேலை எந்தக் கொடியில் இருக்கிறது என்று தெரியாமல்.

சார் மட்டையைச் சுழற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்தைக் காணோம். பிறகு எங்கோ உயரத்தில், இன்னும் சூடேறாத வானத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, இறங்க மனமில்லாமல் ஒரு கணம் நின்றது. என் வாய் திறந்திருந்ததை நான்தான் மூடிக்கொண்டேன். கையில் அடங்கும் ஒரு நீல ரப்பர் உருண்டை, அடி வாங்கி ஒரு நொடிக்கும் குறைவாக நசுங்கி, திரும்பி வந்த வேகத்திலேயே இப்படிப் பறக்கிறது. பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் நம்ப முடியவில்லை.

பத்தும் முடிந்ததும் கேட்டேன்: "டிக்கியில இருந்தது எதெது சார்?"

யோசித்து, குறைவாகப் போன மூன்றைச் சொன்னார். நோட்டைத் திறந்து காட்டினேன். மூன்றில் இரண்டு வீட்டு பீரோவில் இருந்தவை. எல்லாவற்றையும்விடத் தூரத்தில் நின்ற கொடி, டிக்கிப் பந்துக்கு.

சார் மட்டையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு அந்தக் கொடியையே பார்த்தார்.

"அப்போ அன்னைக்குக் கொறைஞ்சது பந்து இல்லீங்க," என்றார் மெதுவாக.

அங்கேயே செல்போனை எடுத்து எச்.ஆரைக் கூப்பிட்டார். "டிரைவர் மாத்தறதை நிறுத்திருங்க. ஏஜென்சிக்கு ரிமார்க் ஒரு வரிகூடப் போகக்கூடாதுங்க."

அந்தோணியண்ணன் புல்லைத் தாண்டி மூச்சிரைக்க வந்தார்.

"அந்தோணி, நான் அவசரப்பட்டுட்டேனுங்க."

"பரவால்ல சார். பைய எங்க வெக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"டிக்கியிலயே கெடக்கட்டுமுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியிருக்காவிட்டால் அழுதிருப்பேன்.

இப்போது லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பதில் ஒரு கோடைக்கு, ஒரு டிக்கிக்கு மட்டும்தான். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அந்தப் பந்து என்ன ஆகும் என்று நான் அளக்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டர்டு எண் பொய்யல்ல. ஆனால் அது வேறொரு பொருளுக்காக, வேறொரு இடத்துக்காக, யாரோ பட்டுத் தெரிந்துகொண்ட எண். உங்கள் பொருள் எங்கே வாழ்கிறதோ அங்கே ஒரு தடவை போய் நில்லுங்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரைக் கேளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் டெஸ்ட் விண்ணப்பப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'பொருள் இருக்கும் இடத்தின் சூடு எவ்வளவு? அளந்தது யார்?' கம்பெனியில் ஒரு படிவத்தை மாற்றினால் மாற்றத்துக்குக் காரணம் எழுதியாக வேண்டும். 'அந்தோணி, டிரைவர், கேட்டதால்' என்று எழுதினேன்.

சில மாதம் கழித்து லேபின் தரத்தைச் சோதிக்க வந்த ஆடிட்டர் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார்.

"டிரைவரா? டெஸ்டிங்கைப் பற்றிச் சொல்ல இவருக்கு என்ன தகுதி?"

"அந்தச் சூட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவர் சார்," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.