சேருக்கு நான் சொல்லிக் கொடுக்காத ஒன்று

எங்கள் அலுவலகத்தில் மட்டம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. லெவல் என்போம். அது பொறியியலாளரின் அறையில், இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், டி.ஓ. என்பார்கள். வாய்க்காலுக்கும் மதகுக்கும் மட்டம் பார்ப்பது என் வேலை. ஆனால் கருவியைக் கேட்டால், "அது பாரமான சாமான் தங்கச்சி, விழுத்திப் போட்டீங்கெண்டா ஆர் பதில் சொல்லுற?" என்பார். எனக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த ஆண்கள் அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வயல் வட்டை வட்டையாகத் திரிந்தவர்கள். அதை ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். சிரித்தார். அந்த மனுசனுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புத்தான்.

கையில் அளவு நாடாவை மட்டும் வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? போனில் தேடத் தொடங்கினேன். முதலில் போட்டது, நாம் நிற்கும் இடத்தின் உயரத்தைக் காட்டும் செயலி ஒன்று. அடுத்த நாளே வவுணதீவுப் பக்கம், வயலுக்கு நடுவில் ஒரு கூட்டம். வெள்ளத்தை வாவிக்குள் வடிய விடப் புது மதகு கட்டப் போகிறார்கள். வட்டை விதானையார், அதாவது அந்த வயற்பரப்பு முழுவதற்கும் பொறுப்பானவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ், இந்த இடம் கடல் மட்டத்தில இருந்து எவ்வளவு உசரம் வரும்?"

என்னிடம் ஒருவர் கேள்வி கேட்கிறாரே என்ற பெருமையில் போனை எடுத்து, திரையில் இருந்ததை அப்படியே சத்தமாக வாசித்தேன். மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் மீற்றர். வாசித்து முடித்த பிறகுதான் அந்த மைனஸ் எனக்கே உறைத்தது. பொறியியலாளர் எட்டி என் திரையைப் பார்த்தார்.

"அப்ப நாம எல்லாரும் கடலுக்கடியில நிண்டுதான் கதைக்கிறம்" என்றார். "கவனம் தங்கச்சி, சுறா வரும்."

விவசாயிகள் சிரித்தார்கள். மதகைக் கட்ட ஏற்றிருந்த கொந்தராத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விதானையார் பாவம், தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது சாரதி, "சப்மரீன் மிஸ் வந்திட்டா" என்றான். அந்தப் பெயர் வாவிப் பாலத்தைத் தாண்டி, நான் போகிற கலியாண வீடுகள் வரைக்கும் வந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த மனுசன் ஒருநாள் சபையில் வைத்துச் சிரிப்பு வாங்க வேண்டும் என்று. அதைக் கண்ணால் பார்க்காமல் இடமாற்றம் கேட்பதில்லை என்றும்.

போன் பொய் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. செய்மதி மூலம் போன் உயரத்தைக் கணக்கிடுவது உண்மைக் கடலில் இருந்தல்ல. பூமிக்கு ஒழுங்கான ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் இருந்து கணக்கிடுகிறது. எங்கள் தீவைச் சுற்றியுள்ள கடலோ அந்த மேற்பரப்புக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் கீழே கிடக்கிறது. நல்ல செயலிகள் அந்த வித்தியாசத்தைத் தாங்களே சரிசெய்துவிடும். நான் போட்டது சரிசெய்யாத ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"இப்ப கடலும் பள்ளத்துக்க விழுந்திட்டா?" என்றார், கோப்பில் இருந்து தலை நிமிராமல்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் விளக்கப் போகவில்லை. வைராக்கியத்தோடு தேடினேன். இலவசச் செயலி என்றால் சும்மா கிடைப்பதில்லை. கொங்கிறீட் கணக்குப் போடும்போது விடைக்கு மேலே கடன் விளம்பரம் வந்து நிற்கும். போனில் இடம் போதாமல் மச்சாளின் கலியாணப் படங்களை முழுக்க அழித்தேன், இன்றைக்கும் அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. போட்டதில் பத்துக்கு ஒன்பதைத் தூக்கி எறிந்தேன். தேறியவை தங்கம். ஒன்று, எடுக்கிற படத்திலேயே இடத்தையும் நேரத்தையும் பதித்துவிடும். அத்திவாரம் மண்ணுக்குள் மூடப்படுவதற்கு முன் அதில் படம் எடுத்து வைத்தேன், கொந்தராத்துக்காரருக்கு ஆழத்தைக் கூட்டிச் சொல்ல வழியில்லாமல் போனது. இன்னொன்று, கம்பிக் கட்டின் நுனியைப் படம் எடுத்தால் எத்தனை கம்பி என்று எண்ணித் தரும். தரையின் சரிவைப் பாகையில் காட்டும் மட்டச் செயலியும் இருந்தது. பழுகாமத்தில் ஒரு வாய்க்கால் தளத்தை அதை வைத்தே உடைத்துத் திரும்பப் போட வைத்தேன். விதானைமார் என்னைத் தேடிப் போன் எடுக்கத் தொடங்கினார்கள்.

அது பொறியியலாளரின் காதுக்கும் போனது. மாகாணத்து உத்தியோகத்தர்களுக்கு, பொறியியல் வேலைக்கு உதவும் செயலிகள் பற்றி ஒரு செயலமர்வு வைக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. பேசுவதற்கு எங்கள் பொறியியலாளர் தன் பெயரைக் கொடுத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து என் மேசைப் பக்கம் வராதவர், அன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"தங்கச்சி, நீங்க பாவிக்கிற அப் எல்லாத்தையும் எனக்குப் போட்டுத் தாங்க. எப்பிடிப் பாவிக்கிறதெண்டும் சொல்லித் தாங்க."

பகல் சாப்பாட்டு நேரங்களில் சொல்லிக் கொடுத்தேன். திரையில் காட்டும் படங்களையும் நானே செய்தேன். கடைசிப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். மறுநாள் அது இல்லை. கேட்டேன். "இடம் காணாது தங்கச்சி" என்றார். அந்தப் படத்தில் 'நன்றி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

மட்டச் செயலியில் ஒரு நுட்பம் உண்டு. போனின் முதுகு தட்டையாக இருக்காது. கமரா புடைத்துக்கொண்டு நிற்கும், அதனால் போன் எப்போதும் கொஞ்சம் சரிந்தே கிடக்கும். ஆகவே ஒருமுறை பார்த்ததும், போனைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். சரிவு அப்போதும் அதே பக்கம் விழுந்தால் தரை பிழை. எதிர்ப் பக்கம் விழுந்தால் போன் பிழை. அவருடைய புதுப் போனில் கமரா ஒரு தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது. உறையும் போடமாட்டார், பளபளப்புத் தெரிய வேண்டுமே.

"வேற ஏதும் சொல்லக் கிடக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். அவ்வளவுதான்" என்றேன். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

செயலமர்வு புதிதாகக் கட்டிய மண்டபம் ஒன்றில் நடந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். என் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன, அவர் எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினார். செய்மதி உயரத்துக்கு வந்ததும் குரலில் சிரிப்பு ஏறியது. "எங்கட ஒஃபீஸில ஒரு டி.ஓ. பிள்ள, வயலுக்க நிண்டு மைனஸ் தொண்ணூறெண்டு வாசிச்சிட்டா" என்று தொடங்கி, நான் ஓடிப்போய்ச் சொன்ன விளக்கத்தை ஒரு சொல் மாறாமல் சொல்லி முடித்தார். மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அடுத்த படம் எதுவென்று எனக்குத் தெரியும். இருந்தேன்.

அடுத்த படம் மட்டச் செயலி. போனின் திரையைப் பெரிய திரையில் தெரியும்படி செய்து, போனை மேசையில் வைத்தார். இரண்டு பாகைக்குக் கிட்டச் சரிவு காட்டியது. மேசை பிழையாக்கும் என்று ஒருவர் சொன்னார். உடனே குனிந்து போனை மேடைத் தளத்திலேயே வைத்தார். அதே சரிவு.

"பாத்தீங்களா? மேசையில்ல, தளம்தான் சரியில்ல. கண்ணுக்குத் தெரியாது, போன் காட்டிக் குடுத்திரும்" என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். அந்த மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்து கட்டி முடித்த மூத்த பொறியியலாளர் அவர். மேடைக்கு ஏறி, குனிந்து, போனைத் திருப்பி வைத்தார். பெரிய திரையில் சரிவு அப்படியே எதிர்ப் பக்கம் மாறியது.

"இப்ப என்ட தளம் மற்றப் பக்கம் சரிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

கூரை பறக்கச் சிரித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான், அந்தச் சிரிப்பை ஒரு சத்தமும் தப்பாமல் நான் கேட்க வேண்டுமே. எங்கள் பொறியியலாளர் முகம் கறுத்துப்போய், மண்டபம் முழுக்கக் கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"இதெல்லாம் அந்தா இருக்கிற டி.ஓ. தங்கச்சி செய்து தந்தது. படம், விளக்கம் எல்லாம் அவதான். பிழையெண்டா அவவத்தான் கேக்க வேணும்."

பழியை என் தலையில் கட்டத்தான் சொன்னார். மூத்தவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் அவ செய்ததா? அப்ப நீங்க ஏன் கதைக்கிறீங்க? பிள்ள, நீங்க மேல வாங்க."

கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். முதலில் என் பெயரைச் சொன்னேன். பிறகு முதற்படத்தில் இருந்து தொடங்கினேன். நிறையக் கேள்வி கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னேன். தேநீர் நேரமும் தாண்டிப் போனது. எங்கள் பொறியியலாளர் மேடையின் ஓரத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். மேடையில் இருந்தது ஒரே ஒரு கதிரை. அதில் என் கைப்பை இருந்தது. கடைசி வரைக்கும் நான் அதை எடுக்கவில்லை.