கத்தரி எடுத்தால்தான் பேச்சு

என் அப்பா சலூன் கடை வைத்திருந்தார். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு வாய் ஓயாது. எந்த வீட்டு மாமியார் எந்த மருமகளோடு பேசவில்லை என்பதிலிருந்து, யார் வீட்டு நாய் தபால்காரரைக் கடித்தது என்பதுவரை தெரிந்துகொள்ளாமல் அந்த நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருக்க முடியாது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருபவரோ வேறு ஆள். "ம்", "வை", "அம்மா எங்க?" அவ்வளவுதான்.

எனக்கு இடுப்புவரை முடி. அதில் கத்தரி படக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே அப்பாவின் பேச்சில் எனக்குப் பங்கே இல்லை. சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கடை வாசலில் நின்று, ஊரார் தலைக்கெல்லாம் கிடைப்பதைக் கேட்பேன். வயிறு எரியும்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, நெடுநேரம் நிற்க முடியாமல் போனதும் அப்பா கடையை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். என் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, முதல் வேலையாகத் தலை நிறையப் பேனோடு வந்திருந்தாள். அப்பா பால்கனியில் ஸ்டூலைப் போட்டு அவள் கழுத்தில் துண்டைக் கட்டினார். முதல் வெட்டு விழுந்ததுமே பேச்சு வந்துவிட்டது.

"ஒரு போலீஸ்காரரு பாதி மீசையோட எழுந்து ஓடினாரு, தெரியுமா கண்ணு?"

"ஏன் தாத்தா?"

உள்ளே நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெற்ற மகள்மேல் பொறாமை. வெட்கமெல்லாம் இல்லை, ஆத்திரம்தான் வந்தது. அதன்பிறகு அவளுக்கு முடி கொஞ்சம் வளர்ந்தால் போதும், இருவரும் பால்கனிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஒருநாள் அவள் சொன்னாள்: "இனிமே முடி வளர்க்கப் போறேன் தாத்தா. எல்லாரும் பையன்னு கிண்டல் பண்றாங்க."

"சரி கண்ணு" என்றார். அதோடு அந்தப் பால்கனிக் கடையும் மூடியாயிற்று. அவளுக்குத் தோழிகள், போன், சாத்திய கதவு. அப்பா அந்தக் கதவுவரை போவார், இருமுவார், திரும்பிவிடுவார். உள்ளுக்குள் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒருநாள் சமையலறைக்கே வந்துவிட்டார். "நான் என்ன தப்பு பண்ணேன்? எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாளே."

"சின்ன வயசுலேர்ந்து உங்களைப் பத்தி நானும் அதைத்தாம்பா யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துவிட்டேன். "வெட்டுங்க."

"இவ்வளவு முடியையா? அம்மா இருந்திருந்தா..."

"அம்மா இல்லையே. வெட்டுங்கப்பா."

துண்டைக் கட்டினார். முதல் கற்றை காலடியில் விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ தலையில ரெட்டைச் சுழி, கவனிச்சிருக்கியா? பிடரியில சீப்பு பட்டாலே கூசும் அவளுக்கு. ஒரு தடவ பாரு, சிரிச்ச சிரிப்புல ஸ்டூலோட சாஞ்சிட்டா..."

முடி தோளுக்கு ஏறும்வரை பேசினார். நான் ஏங்கிக் கிடந்த அதே குரல், அதே வேகம். பேசியது அத்தனையும் என் மகளைப் பற்றி.

"போதுமாம்மா?" என்று கத்தரியை நிறுத்தினார்.

"போதாது. இன்னும் குட்டையா வெட்டுங்க" என்றேன்.